ஸ்பெயின் போருக்கு 1/72 சிப்பாய்கள்: ஒரு பெட்டி தேறுமா, தேறாதா என்று எதை வைத்துச் சொல்வது?

நீலச்சட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் வாசிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இதுதான் முதல் கேள்வி.

1809லேர்ந்து 1812 வரைக்கும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் நெப்போலியனோட பிரெஞ்சுப் படைக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த சண்டைகளை மேஜையில் விளையாடணும்னு ஆசை. தலவேராவில் ஆரம்பிச்சு அல்புவேரா வழியா சலமாங்கா வரைக்கும் போகணும். 1/72 அளவில் (நிஜ ஆளில் 72இல் ஒரு பங்கு) மெது பிளாஸ்டிக் சிப்பாய்கள்தான் எடுக்கப் போறேன். பட்டாலியனுக்கு 24 பேர்னு வச்சாலே ரெண்டு பக்கமும் சேர்த்து நூத்துக்கணக்கில் ஆள் வேணும், பெரிய அளவில் போனா கட்டுப்படியாகாது.

பிரச்சினை என்னன்னா அட்டைப் படம் எல்லாப் பெட்டியிலும் பிரமாதமாத்தான் இருக்கு. ஒரு பிரெஞ்சு காலாட்படைப் பெட்டி வாங்கினேன், கம்பெனி பேர் வேண்டாம். உள்ளே 48 பேர், 12 விதமான போஸ், ஒவ்வொண்ணுலயும் நாலு. ஒருத்தன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிச்சுக் கட்டையால அடிக்கிறான். ஒருத்தன் குண்டடிபட்டு விழுறான். ஒருத்தன் தொப்பியைக் கழட்டி ஆட்டுறான். முகமும் பொத்தானும் தெளிவா இருக்கு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனா வரிசையா நிறுத்திப் பார்த்தா படை மாதிரியே தெரியல. இது நல்ல பெட்டியா, மோசமான பெட்டியா? அடுத்ததை வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

தூரிகை எழுதியது:

வாங்க நீலச்சட்டை. நான் பெயின்ட் அடிக்கிற ஆள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்றேன். எனக்கு முதல்ல பார்க்க வேண்டியது செதுக்கல் ஆழம். வார், காலர், கோட்டு ஓரம் எல்லாம் நல்லா எழும்பி நிக்கணும். அப்பதான் கடைசியில் கருப்புக் கழுவல், அதாவது தண்ணியா கரைச்ச கருப்பு பெயின்ட் கொடுக்கும்போது பள்ளத்தில் போய் உட்காரும். ஆழம் குறைஞ்ச சிப்பாய் ரெண்டு கோட் பெயின்ட்டுக்கு அப்புறம் கரைஞ்ச சோப்பு மாதிரி ஆயிடுவான். முகம் சரியா இருக்கான்னும் பாருங்க. முகம் சரியா வந்தா மத்ததை எல்லாம் மன்னிச்சிடலாம்.

மூன்றாம்வரிசை எழுதியது:

தம்பி நீலச்சட்டை, செதுக்கலின் ஆழம் பற்றி தூரிகை சொன்னது முழுக்கச் சரி. முகம் சரியாக இருந்தால் மற்றதை மன்னிக்கலாம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முகம் நான் கடைசியாகப் பார்ப்பது. மேஜையில் நீங்கள் ஒரு கை தூரத்துக்கு அப்பால் நின்று விளையாடப் போகிறீர்கள். அங்கிருந்து மூக்கும் தெரியாது, பொத்தானும் தெரியாது. துப்பாக்கிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, தொப்பியின் வடிவம் என்ன, ஆட்கள் ஒரே அடியாக நடக்கிறார்களா என்பது மட்டும்தான் தெரியும். அதனால் ஒரு சிப்பாயைத் தனியாகக் கையில் எடுத்து மதிப்பிடாதீர்கள். இவனையே 24 பேராக நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உங்கள் பெட்டி உங்களை ஏமாற்றியது அங்கேதான்.

முதலில் போஸ் கணக்கு. 12 போஸ் என்று அட்டையில் பெருமையாகப் போடுவார்கள். காட்டுச் சண்டைக்கும் தெருச் சண்டைக்கும் அது பெருமைதான். நெப்போலியன் காலத்துக் காலாட்படை தோளோடு தோள் உரசி நின்ற படை. பிரெஞ்சுக்காரர்கள் மூன்று வரிசை, எதிரே பிரிட்டிஷார் இரண்டு வரிசை. அப்படி நெருங்கி நிற்கும் இடத்தில் துப்பாக்கியைத் திருப்பிச் சுழற்றுகிறவன் முதலில் தன் பக்கத்து ஆளின் மண்டையைத்தான் உடைப்பான். ஆகவே படத்தைப் பார்த்ததும் நான் போடும் கணக்கு இதுதான்: நடக்கிறவன், துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து முன்னேறுகிறவன், நின்று சுடுகிறவன், தோட்டா நிரப்புகிறவன், இவர்கள் எத்தனை பேர்? 48 பேரில் இவர்கள் 30க்கு மேல் இருந்தால் பெட்டி தேறும். அதிகாரி, கொடிக்காரன், தம்பட்டக்காரன் மூவரும் இருந்தால் இன்னும் நல்லது. மண்டியிட்டுச் சுடுகிறவர்களை வீணாக நினைக்க வேண்டாம், சிதறி முன்னால் போகும் இலகு காலாட்படைக்கு அவர்கள்தான் வேண்டும். அடிபட்டு விழுகிறவன் பெட்டிக்கு ஒருவன் போதும். பட்டாலியன் எவ்வளவு இழந்தது என்று அடையாளம் வைக்க அவனைப் பயன்படுத்தலாம்.

உங்களிடம் இருக்கும் பெட்டியில் 12 போஸில் மூன்றுதான் வரிசைக்கு ஆகும் என்றால் 12 பேர்தான் உங்கள் படை. மீதி 36 பேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பெட்டி உங்கள் ஆட்டத்துக்கு மோசமான பெட்டி. காட்சிப் பேழையில் வைக்கிறவருக்கு அதுவே நல்ல பெட்டியாக இருக்கலாம். தரம் என்பது எதற்கு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

நடக்கும் போஸில் இன்னொன்று பாருங்கள்: துப்பாக்கி எந்தத் தோளில்? அந்தக் காலக் கவாத்தில் அது இடது பக்கம். வலது தோளில் சாய்த்துக்கொண்டு நெருங்கிய வரிசையில் நடக்கிற 1809ஆம் ஆண்டுச் சிப்பாயைச் செதுக்கியவர் பிற்காலப் படம் எதையோ பார்த்துச் செதுக்கியிருக்கிறார். அந்த ஒன்றில் கோட்டை விட்டவர் வேறு இடத்திலும் விட்டிருப்பார், தேடிப் பாருங்கள்.

அடுத்தது வார்ப்பு. இந்தச் சிப்பாய்கள் பெரும்பாலும் இரண்டு பாதியாகத் திறக்கும் எஃகு அச்சில் வருகிறார்கள். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் செலுத்தி, ஆறியதும் அச்சு இரண்டு பக்கமாக விலகும். நேராக விலகுவதால், உள்வாங்கிய இடம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் சிப்பாய் அச்சிலேயே மாட்டிக்கொள்வான். மார்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சுவர் நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் உடம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்தாலே சிற்பி எவ்வளவு யோசித்தார் என்பது தெரிந்துவிடும். நேராகப் பார்த்து நடக்கிறவனுக்குக் கோடு காது வழியாக இறங்கினால் முகம் சுத்தமாக இருக்கும். பக்கவாட்டில் கைநீட்டிச் சுடுகிறவனை அச்சில் படுக்க வைத்துத்தான் எடுக்க முடியும். அப்போது கோடு தொப்பி முனையிலிருந்து மூக்கின் நடுவே இறங்கும். நல்ல சிற்பி அவன் தலையைச் சற்றுத் திருப்பி, கோட்டைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்.

சுடுகிறவனிடம் நான் கட்டாயம் பார்ப்பது கன்னம். துப்பாக்கிக் கட்டை கன்னத்தைத் தொடுகிறதா? பல பெட்டிகளில் தொடாது. தலை நிமிர்ந்து, துப்பாக்கி மார்புக்கு முன்னால் மிதக்கும். அச்சுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். கன்னம் கட்டையில் படிந்து, வலது முழங்கை உயர்ந்து, இடது கை குழலுக்கு அடியில் தாங்கி நிற்கும் சிப்பாய் இந்த அளவில் கிடைத்தால் அந்தப் பெட்டியை விடாதீர்கள்.

இப்போது உடுப்பு. உங்கள் காலத்துக்கு இதுதான் பெரிய பொறி. கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் நிறைய 1815 வாட்டர்லூவுக்காகச் செய்தவை. அவற்றில் பிரெஞ்சு கோட்டு மார்பில் இடுப்பு வரை நேராக மூடியிருக்கும், பின்வால் குட்டையாக இருக்கும். அது 1812 ஜனவரியில் வந்த பர்தான் விதிமுறையின் கோட்டு. பெரும்பாலான படைகளின் கைக்கு அது 1813இல்தான் வந்து சேர்ந்தது. உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய கோட்டு: மார்பின் கீழே வளைந்து வெட்டி விலகி, உள்ளே வெள்ளைச் சட்டை தெரியும், பின்வால் நீளம். பிரிட்டிஷாருக்கும் இதே தொல்லைதான். முன்பக்கம் உயர்ந்து நிற்கும் தொப்பி 1812இல் அறிவிக்கப்பட்டது. ஸ்பெயினில் இருந்தவர்கள் பெரும்பாலும் போர் முடியும் வரை நேர் உருளை வடிவத் தொப்பியோடுதான் திரிந்தார்கள். தலவேராவுக்கும் அல்புவேராவுக்கும் அந்த உருளைத் தொப்பிதான் வேண்டும். அட்டையில் ‘நெப்போலியன் காலம்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், தொப்பியையும் கோட்டையும் பாருங்கள்.

அதைவிட நுணுக்கமான ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த சோதனை: பிரெஞ்சுச் சிப்பாயின் மார்பில் எத்தனை வார்? 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு ஒரு பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனி, அதாவது ஆறு சிறு படைப்பிரிவு. ஒன்று பொறுக்கி எடுத்த கிரனடியர், ஒன்று சிதறிச் சண்டையிடும் வோல்டிஜர், மீதி நான்கும் சாதாரணச் சிப்பாய்களான ஃப்யூசிலியர். சாதாரண ஃப்யூசிலியருக்குக் குறுவாள் கிடையாது. அதனால் தோட்டாப் பையைத் தாங்கும் ஒற்றை வார்தான் அவன் மார்பில் ஓடும். குறுவாள் வைத்திருக்கும் கிரனடியருக்கு இரண்டு வார், மார்பில் குறுக்குக் குறியாகத் தெரியும், தோளில் சிவப்புக் குஞ்சம். அப்படியென்றால் நல்ல பிரெஞ்சு காலாட்படைப் பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் ஒற்றை வாரோடும் குஞ்சமில்லாத தோளோடும் இருக்க வேண்டும். பெட்டி முழுக்க இரட்டை வாரும் குஞ்சமுமாக இருந்தால் செதுக்கல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது கிரனடியர்கள் மட்டுமே. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவனுக்குத் தோட்டாப் பைக்கு ஒன்று, பயனெட்டுக்கு (துப்பாக்கி முனைக் கத்திக்கு) ஒன்று என்று எப்போதும் இரண்டு வார். அவனிடம் தோளைப் பாருங்கள்: பத்துக் கம்பெனியில் கிரனடியர், இலகு காலாட்படை ஆகிய இரண்டுக்கு மட்டும்தான் தோளில் சிறகு போன்ற பட்டை.

துப்பாக்கி நீளத்துக்கு அளவுகோல் வேண்டாம். பிரெஞ்சு 1777 மாதிரித் துப்பாக்கி சுமார் 152 சென்டிமீட்டர். அந்தக் காலப் பிரெஞ்சுச் சிப்பாய் சராசரியாக 165 சென்டிமீட்டர் உயரம். துப்பாக்கியைத் தரையில் ஊன்றினால் குழல் முனை அவன் கண் அளவுக்கு வர வேண்டும். பிரிட்டிஷார் வைத்திருந்த ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கி சுமார் 140. அது மோவாய்க்குச் சற்றுக் கீழே நிற்கும். 1/72இல் 21 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர் என்று வரும். இரண்டு படையையும் எதிரெதிரே நிறுத்தினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழலின் தடிமனை மட்டும் மன்னித்துவிடுங்கள். உண்மைக் கணக்குப்படி அது 0.3 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், அவ்வளவு மெல்லியதாக மெது பிளாஸ்டிக்கில் நிற்காது.

பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெது பிளாஸ்டிக் என்பது பாலிஎத்திலீன். விரலில் மெழுகு போலப் பிசுபிசுத்தால் அச்சிலிருந்து பிரிய விட்ட எண்ணெய் ஒட்டியிருக்கிறது, பாத்திரச் சோப்பில் கழுவினால் போய்விடும். வளைந்த துப்பாக்கியைச் சுடுநீரில் காட்டி நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் முக்கினால் பெரும்பாலும் நிற்கும். பழைய பெட்டி கைக்கு வந்தால் மட்டும் பயனெட் முனையை மெல்ல வளைத்துப் பாருங்கள். புதியது வளைந்து திரும்பும். சில பழைய வார்ப்புகள் உடைந்து விழும். உடைகிற பெட்டியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், பெயின்ட் அடித்த உழைப்பு வீணாகும்.

நீலச்சட்டை எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. படிச்சு முடிச்ச கையோட பெட்டியை எடுத்து வச்சுப் பார்த்துட்டேன். எல்லாருக்கும் ரெட்டை வார். எல்லாருக்கும் தோளில் குஞ்சம். கோட்டு நீங்க சொன்ன மாதிரி கீழே வளைஞ்சு வெட்டின பழைய கோட்டுதான், அதனால காலம் சரி. நடக்கிறவங்க நாலு பேர், சுடுறவங்க எட்டு, குறுக்கே பிடிச்சு ஓடுறவங்க நாலு. சுடுறவன் மூக்கு நடுவில் கோடு ஓடுது, மார்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் அந்தச் சுவரும் இருக்கு. இவங்களை என்ன பண்றது, தூக்கிப் போட்டுடவா?

இன்னொண்ணு: ஒரே பட்டாலியன்ல ரெண்டு வேற வேற தயாரிப்பாளரோட பெட்டிகளைக் கலக்கலாமா? உயரம் ஒத்து வராதோன்னு பயமா இருக்கு.

மூன்றாம்வரிசை எழுதியது:

ஒருத்தனையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய கோட்டோடு கிரனடியர்கள் 16 பேர் கிடைத்திருக்கிறார்கள். 24 பேர் பட்டாலியனுக்கு ஆறு கம்பெனி என்றால் கம்பெனிக்கு நான்கு பேர். ஆகவே அந்த 16 பேர் நான்கு பட்டாலியனின் வலது ஓரக் கிரனடியர் கம்பெனிகள். இனி நீங்கள் ஒற்றை வார்க்காரர்கள் இருக்கும் பெட்டியைத் தேடினால் போதும்.

சுவரை வெட்ட அரம் எடுக்க வேண்டாம். பாலிஎத்திலீன் அரத்துக்குத் தேயாது, நார் நாராகப் பிரிந்து நிற்கும். புது பிளேடு போட்ட கத்தியால், தள்ளாமல் இழுத்து, மெல்லிய சீவலாக எடுங்கள். சுவரின் பின்பக்கம் கை போகாது என்றால் விட்டுவிட்டு அங்கே மிகக் கருமையாகப் பெயின்ட் அடியுங்கள். மேஜையிலிருந்து பார்க்கும்போது அது நிழலாகத்தான் தெரியும். மூக்குக் கோட்டையும் அதே கத்தியால், நெற்றியிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சுரண்டினால் முகமே போய்விடும்.

கலப்பது பற்றி. ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளரின் பழைய சிப்பாய்கள் 1959இலிருந்தே ரயில் மாடல் அளவைச் சொல்லித்தான் வந்தவை. அவற்றை 1/76க்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடலாம். 165 சென்டிமீட்டர் ஆள் 1/76இல் 22 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1/72இல் 23க்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய விஷயமில்லை, உண்மையான படையிலும் எல்லாரும் ஒரே உயரமா என்ன? ஆனால் துப்பாக்கி ஒரே ஆயுதக்கிடங்கிலிருந்து வந்தது, தொப்பி ஒரே விதிமுறைப்படி தைத்தது. இரண்டு பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஆளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, உயரத்தைப் பார்க்காமல் துப்பாக்கி நீளம், தொப்பி உயரம், தலையின் பருமன் மூன்றையும் பாருங்கள். அவை ஒத்துப்போனால் தைரியமாகக் கலக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் வேறு வேறு பட்டாலியனாக வையுங்கள். ஒரே பட்டாலியனுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், நடுவில் கை அகல இடைவெளி இருக்கும்போது கண் ஒப்பிடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே அச்சு கைமாறி வேறு பெயரில் வரும். இத்தாலியின் எஸ்கி நிறுவனம் செய்த அச்சுகள் பல பிறகு இத்தாலெரி என்ற இன்னொரு நிறுவனத்தின் பெட்டிகளில் வந்தன. அது குறையில்லை, அந்தச் செதுக்கல்கள் நல்ல செதுக்கல்கள். ஆனால் அச்சு வயதாக ஆக இரண்டு பாதியும் இறுக மூடாது, நடுவில் பிசிறு கசியும். எந்த ஆண்டு செதுக்கியது என்பதைவிட உங்கள் கைக்கு வரும் வார்ப்பு எப்போது ஊற்றியது என்பதுதான் கணக்கு. ஆகையால் பிளாஸ்டிக் நிறத்திலேயே, பெயின்ட் இல்லாமல், அண்மையில் எடுத்த படம் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பக்கவாட்டிலும் வேண்டும். அச்சின் குற்றமெல்லாம் பக்கவாட்டில்தான் இருக்கும்.

பெரியபடை எழுதியது:

மூன்றாம்வரிசை அண்ணன் சொல்வதோடு ஒரு வார்த்தை சேர்க்க விரும்புகிறேன். நான் 28 மில்லிமீட்டர் அளவுள்ள, இன்னும் பெரிய கடின பிளாஸ்டிக் சிப்பாய்களில் விளையாடுகிறேன். பெரி, விக்ட்ரிக்ஸ் மாதிரியான நிறுவனங்களின் பெட்டிகளில் தலை, முதுகுப்பை எல்லாம் தனித்தனியாக வருவதால் இந்தச் சுவர்த் தொல்லை மிகவும் குறைவு. அது பாலிஸ்டைரீன் என்பதால் பசை உருக்கி ஒட்டும், அரமும் சுத்தமாகத் தேய்க்கும். பெரியின் பிரெஞ்சு காலாட்படைப் பெட்டி அட்டையிலேயே 1807–14 என்று காலத்தைப் போட்டுவிடுகிறது, கிரனடியர், ஃப்யூசிலியர் எல்லாம் பிரித்துச் செய்துகொள்ளலாம். காலக் குழப்பமே வராது. நூற்றுக்கணக்கில் வேண்டாம், பட்டாலியனை 12 பேராகச் சுருக்கிக்கொண்டால் இந்த அளவிலும் சலமாங்கா விளையாடலாமே?

மூன்றாம்வரிசை எழுதியது:

பெரியபடை, அந்தப் பெட்டிகளின் தரத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தலையைத் திருப்பி ஒட்ட முடிவது ஒன்றே பெரிய வரம். ஆனால் பாகம் பாகமாக வருவதை மதிப்பிட வேறு கண் வேண்டும். கை தனியாக வந்தால் இடது உள்ளங்கை குழலுக்கு அடியில் சரியாக உட்காருகிறதா என்று ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பாருங்கள். ஜோடி மாற்றி ஒட்டினால் துப்பாக்கி கையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கைகள் எந்த உடலுக்கு என்று எண் போட்டு வரும் பெட்டியை நான் உயர்வாக நினைக்கிறேன்.

12 பேராகச் சுருக்குவதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரெஞ்சுத் தாக்குதல் பத்தி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய அணி, இரண்டு கம்பெனி அகலத்தில், ஆழமாக வரும். எதிரே பிரிட்டிஷ் வரிசை மெலிந்து, நீண்டு, பத்தியின் இரண்டு ஓரத்தையும் வளைத்துக் காத்திருக்கும். அந்தப் போரின் முழுக் கதையும் அந்த இரண்டு வடிவங்களின் மோதல்தான். 24 பேர் இருந்தால் பத்தி பத்தியாகத் தெரியும், வரிசை வரிசையாகத் தெரியும். 12 பேரில் இரண்டும் ஒரே கும்பலாகத் தெரிகிறது. இது என் விருப்பம். உங்கள் மேஜையில் வேறு மாதிரி தோன்றலாம்.

தூரிகை எழுதியது:

முகம் பத்தி நான் சொன்னதை விட்டுடறேன், வார் கணக்கு எனக்குப் புதுசு. எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அல்புவேராவில் போலந்து ஈட்டிக் குதிரைப்படைதான் பிரிட்டிஷ் பிரிகேடை அடிச்சு நொறுக்கினாங்கன்னு படிச்சிருக்கேன். குதிரைப்படைப் பெட்டியை எப்படிப் பார்க்கணும்? பெயின்ட் அடிக்கும்போது குதிரையில்தான் ஏதோ தப்பா இருக்குன்னு எனக்கு எப்பவும் படும், என்னன்னு சொல்லத் தெரியாது.

நீலச்சட்டை, மெது பிளாஸ்டிக்குக்கு என் பங்குக்கு ஒண்ணு: ப்ரைமருக்கு முன்னாடி தண்ணி கலந்த வெள்ளைப் பசை ஒரு கோட், அப்புறம் அக்ரிலிக், கடைசியில் மறுபடி வார்னிஷ். பயனெட் முனையில்தான் முதல்ல உரியும், அங்கே ரெண்டு தரம் கொடுங்க.

மூன்றாம்வரிசை எழுதியது:

தூரிகை, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தப்பு கால்களில் இருக்கும். முன்னங்கால் இரண்டும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டி, வயிறு தரைக்கு இணையாகப் பறக்கிற குதிரை பல பெட்டிகளில் வருகிறது. பழைய ஓவியங்களில் அப்படித்தான் வரைந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடும் குதிரையை வரிசையாகப் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் அது நடக்காத காரியம் என்பது தெளிவானது. நாலுகால் பாய்ச்சலில் குளம்புகள் நான்கும் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருக்கும், நீட்டிக்கொண்டிருக்காது. குதிரைப்படைப் பெட்டியில் முதலில் இதைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் 12 குதிரை இருக்கும், அவற்றில் பறக்கும் குதிரை எத்தனை என்று எண்ணுங்கள். நடை, மிதமான ஓட்டம், மடங்கிய பாய்ச்சல் என்று கலந்து வந்தால் செதுக்கியவருக்குக் குதிரை தெரியும். மிதமான ஓட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள், அதாவது இடது முன்னும் வலது பின்னும், சேர்ந்து எழ வேண்டும். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து எழுந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிறகு வீரன் குதிரைமேல் உட்காருகிறானா என்று பாருங்கள். சேணத்துக்கும் அவன் தொடைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அவன் குதிரைமேல் நிற்கிறான் என்று அர்த்தம். கால்களைச் சுடுநீரில் கொஞ்சம் விரித்துச் சரிசெய்யலாம், ஆனால் பெட்டியில் எல்லாருக்கும் அதே வேலை செய்ய வேண்டியிருந்தால் அது மோசமான வார்ப்பு. ஈட்டி பற்றிக் கவலைப்படவே வேண்டாம். மெது பிளாஸ்டிக் ஈட்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வளையும். கைப்பிடிக்கு மேலும் கீழும் வெட்டி எடுத்துவிட்டு, முஷ்டியில் ஊசியால் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியைச் சொருகுங்கள். முஷ்டி திறந்தோ துளையோடோ வந்தால் அதற்காகவே அந்தப் பெட்டிக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

நீலச்சட்டை எழுதியது:

கடைசியா ஒரு சந்தேகம் அண்ணா. பிரிட்டிஷ் பெட்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். போஸ் கணக்கு அருமையா வருது, 48ல 36 பேர் வரிசைக்கு ஆகுறாங்க. சுடுறவன் கன்னம் கட்டையில் படிஞ்சிருக்கு. ஆனா எல்லாருக்கும் அந்த 1812 தொப்பி, முன்பக்கம் உயர்ந்தது. விட்டுடணுமா?

மூன்றாம்வரிசை எழுதியது:

விடாதீர்கள், வாங்குங்கள். பிரிட்டிஷாருக்கு இல்லை, போர்ச்சுகீசியருக்கு! அவர்களுடைய பர்ரெட்டினா தொப்பியும் முன்பக்கம் உயர்ந்ததுதான், இறகும் இடது பக்கம்தான். கோட்டை அடர் நீலமாக அடித்துவிட்டால் புஸ்ஸாகோ மலைமுகட்டில் 1810 செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனோடு நின்ற போர்ச்சுகீசியப் படை தயார். இந்த வழியில் பலரும் செய்கிறார்கள். வெலிங்டனின் படையில் போர்ச்சுகீசியர் பெரும்பங்கு, அவர்கள் இல்லாமல் சலமாங்காவும் வைக்க முடியாது. பழுப்பு நிற கசதோர் இலகு காலாட்படைக்கு மட்டும் இந்தப் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள், அவர்களுக்கு வேறு ஆள் தேட வேண்டும்.

பிரிட்டிஷாருக்கு உருளைத் தொப்பிப் பெட்டி கிடைக்கும்வரை காத்திருங்கள். வாங்கும்போது தொப்பியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் கால்சட்டையையும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே பொத்தான் வைத்த கருப்பு உறை இல்லாமல், கணுக்கால் வரை இறங்கும் தளர்ந்த கால்சட்டை போட்டவர்கள் கிடைத்தால் நல்லது, போர்க்களத்தில் அப்படித்தான் திரிந்தார்கள். சாம்பல் நிறம் அடியுங்கள். பிரெஞ்சுக்காரர்களில் சிலருக்குப் பழுப்புக் கால்சட்டை கொடுங்கள். ஸ்பெயினில் கிடைத்த பழுப்புத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். நீண்ட மேலங்கி போட்டு, தொப்பிக்கு உறை மாட்டிய பிரெஞ்சுச் சிப்பாய்ப் பெட்டி எங்கேயாவது கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடுங்கள். மேலங்கி கோட்டை மறைத்துவிடும், உறை தொப்பித் தகட்டை மறைத்துவிடும். அதனால் அவர்களை 1809க்கும் வைக்கலாம், 1812க்கும் வைக்கலாம்.